இறக்கத்தில் வந்த மேடு

செல்லப்பாண்டி தோற்றுக்கொண்டிருந்தார். அதுவும் நல்லகண்ணுவிடம்.

தேனியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவு முதல் மாடியில் இருந்தது. ஜன்னலோரமாக இரண்டு கட்டில்கள். ஒன்றில் அனுமந்தன்பட்டி செல்லப்பாண்டி, ஜீப் டிரைவர். அடுத்ததில் நல்லகண்ணு, வைகை அணையில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செவ்வாயும் வெள்ளியும் இருவருக்கும் ஒரே நேரம். இருவருக்கும் சிறுநீரகம் கைவிட்டு ஐந்தாறு வருடம் ஆகிறது. இது வரைக்கும் அவர்களுக்குள் சண்டை போட விஷயம் ஏதும் இருந்ததில்லை. 2010 பொங்கல் கழிந்து வந்து இறங்கிய இரண்டு புது மெஷின்கள்தான் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தன.

பழைய மெஷினில் வேடிக்கை பார்க்க ஒன்றும் கிடையாது. ரத்தம் ஒரு குழாயில் போகும், இன்னொரு குழாயில் வரும். நோயாளி உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். புது மெஷினில் ஒரு திரை இருந்தது, திரையில் ஒரு கோடு. ஆரம்பத்தில் உச்சியில் நிற்கும் கோடு, நேரம் போகப் போகச் சரிந்து இறங்கும். அடியில் பச்சை நிறத்தில் இன்னொரு கோடு அசையாமல் கிடக்கும். இறங்கி வரும் கோடு பச்சையைத் தொட்டுவிட்டால் அன்றைக்குச் சுத்தம் செய்தது போதும் என்று அர்த்தம்.

"இதென்ன ஆத்தா, எறங்கிக்கிட்டே போகுது?" என்று முதல் நாளே செல்லப்பாண்டி கேட்டார்.

ஜோதிகா போடிக்காரப் பெண். டயாலிசிஸ் படிப்பு படித்துவிட்டு வந்து இந்தப் பிரிவையே ஒற்றை ஆளாக மேய்த்துக்கொண்டிருப்பவள். "உங்க ரத்தத்துல இருக்க கழிவெல்லாம் இந்தத் தண்ணியில எறங்கி வெளிய போகுதுல்ல பெரியப்பா? அது போற குழாய்ல ஒரு லைட்டு வச்சிருக்காக. புற ஊதா லைட்டு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. கழிவு நெறையா இருந்தா அந்த லைட்ட முழுங்கிரும். கொறையக் கொறைய லைட்டு அந்தப் பக்கம் போய்ச் சேந்துரும். எவ்வளவு முழுங்குச்சுங்கறதத்தான் கோடு போட்டுக் காட்டுது."

"தண்ணி பச்சத்தண்ணி கணக்கா தெளிவாத்தான இருக்கு?"

"ஒங்க கண்ணுக்குத் தெளிவு. அந்த லைட்டுக்கு அது கலங்கல்."

செல்லப்பாண்டி கொஞ்சம் யோசித்தார். "கம்பமெட்டுல மூடுபனின்னு சொல்லு. பனி கெட்டியா இருந்தா ஹெட்லைட்டு பம்பருக்கு முன்னாடியே நின்னு போகும். வெலக வெலக ரோடு தெரியும்."

"அதேதான்!" என்றாள் ஜோதிகா. மறுநாளிலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் மூடுபனியைத்தான் சொல்லிக் கொடுத்தாள். சொன்னவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. இதைச் செல்லப்பாண்டி வீட்டில் மனைவி பாண்டியம்மாளிடம் இரண்டு தடவை முறையிட்டார்.

மூடுபனி அவருக்கு உறவுக்காரன் மாதிரி. மீசை முளைக்கும் முன்பே கிளீனராக ஜீப்பில் தொற்றியவர். பிறகு டிரைவர், பிறகு சொந்த வண்டி. விடியும் முன்பே கம்பம் ஜீப் ஸ்டாண்டில் தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வந்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரள எல்லை தாண்டி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும்; சாயங்காலம் திரும்ப ஏற்றிவர வேண்டும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்வது வேறு, செல்லப்பாண்டியின் ஜீப் சொல்வது வேறு. ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு பெண்ணின் தூக்குச்சட்டிகூடச் சாய்ந்ததில்லை என்பது அவர் பெருமை. அந்தப் பெருமையை யாரும் கேட்காமலே சொல்லுவார்.

மெட்டு ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் சின்னக்கருப்பு கடையில் வண்டி நிற்கும். அங்கே டீ என்றால் மூன்று சாமான்: பால் விடாத கட்டன் ஒரு கிளாஸ், மேலே சரமாகத் தொங்கும் தலைவலி மாத்திரையில் ஒன்று, பிறகு வெற்றிலை. கட்டன் என்று கேட்டாலே சின்னக்கருப்பு மாத்திரையையும் கிழித்துக் கிளாஸ் பக்கத்தில் வைத்துவிடுவார். வளைவுகளில் தலை கிறுகிறுக்காமல் இருக்க எல்லா டிரைவரும் போடுவார்கள். அது இல்லாமல் முதல் வளைவைத் தொட்டவன் அந்த ஸ்டாண்டிலேயே இல்லை.

கால் வீங்கி, மூச்சு முட்டி, அவர் மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த பிறகு வாரநாள் டிரிப்பெல்லாம் விஜய்பாண்டி என்ற டிரைவரிடம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப் செல்லப்பாண்டியுடையது. பாண்டியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆளே இல்லாத ஜீப்பை மெதுவாக மெட்டுக்கு ஏற்றி இறக்குவார். டயாலிசிஸுக்காக இடது முன்கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே நியூட்ரலில் ஓடும் என்ஜின் போல அதிரும். அந்தக் கையில் பாரம் கூடாது, அழுத்தம் கூடாது. கியர் மாற்றுவதோடு சரி. வளைவில் ஸ்டியரிங்கை ஒடிப்பதெல்லாம் வலது கைதான். அந்தக் கை இருக்கும் வரைக்கும் தான் டிரைவர் என்பது அவர் கணக்கு.

இனி பந்தயம். யாருடைய கோடு முதலில் பச்சையைத் தொடும் என்பதுதான் போட்டி. ஆரம்பித்து வைத்தது நல்லகண்ணு.

"பாத்தியாப்பா டிரைவரு, மதகத் தொறந்தாப்ல எறங்குது! அணையில இருந்தவன் ஒடம்புய்யா இது."

"அணையில தண்ணி எறங்குறது பெரிய கெட்டிக்காரத்தனமாக்கும்? நீங்க இல்லாட்டியும் அது எறங்கும்ண்ணே."

வாய்ச்சண்டையில் செல்லப்பாண்டி சளைக்கவில்லை. திரையில்தான் சளைத்தார். அவர் கோடும் முதலில் ஒழுங்காகத்தான் இறங்கும். டீயும் பன்னும் வந்துபோய்க் கொஞ்ச நேரம் கழித்து, நல்ல இறக்கத்தில் திடீரென்று ஒரு மேடு கிளம்பும். கோடு சற்று ஏறி, அங்கேயே தயங்கி நின்று, பிறகு வேண்டாவெறுப்பாக இறங்கும். பச்சையைத் தொடுவதே இல்லை.

ஜோதிகா மெஷினைத் தட்டிப் பார்த்தாள். லைட் இருக்கும் இடத்தைத் துடைத்தாள். கடைசியில் இருவரையும் கட்டில் மாற்றிப் படுக்க வைத்தாள். மேடு செல்லப்பாண்டியோடு கட்டில் மாறி வந்தது.

நல்லகண்ணுவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "வண்டியில கோளாறு இல்லம்மா. டிரைவருகிட்டதான்!"

விஷயம் டாக்டர் சூரியபிரகாஷிடம் போனது. அளந்து பேசுகிறவர். ஊசி குத்தும் இடத்தைப் பார்த்தார், கையின் அதிர்வைத் தொட்டுப் பார்த்தார், கேள்விகள் கேட்டார்.

"நான் எழுதிக் குடுத்தது தவிர வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் தொடமாட்டேன் சார்."

"நாட்டு மருந்து?"

பாண்டியம்மாள் முந்திக்கொண்டாள். "கசாயம் வச்சுக் குடுத்தாக்கூடக் குடிக்க மாட்டாக டாக்டர். அம்புட்டு வீம்பு."

இருவரும் மனமறிய உண்மையைத்தான் சொன்னார்கள்.

டாக்டர் முகவாயைத் தடவிக்கொண்டார். "போன மாச ரத்தப் பரிசோதனையும் எல்லையிலதான் நிக்குது. மெஷினும் போதலைன்னு சொல்லுது. கையில இருக்கிற குழாய் சுருங்கிருக்கலாம். அப்படின்னா சுத்தம் பண்ணி அனுப்புற ரத்தமே மறுபடி மறுபடி மெஷினுக்குள்ள வரும்."

"எறங்குன ஆளே திரும்ப ஏறுன மாதிரி," என்றார் செல்லப்பாண்டி.

"அதே. மதுரையில ஒரு ஸ்கேன் எடுத்துருவோம். சரிபண்ண முடிஞ்சா பண்ணுவாங்க. முடியாட்டி..." டாக்டர் ஒரு நொடி நிறுத்தினார். "வலது கையில புதுசா வைக்கணும்."

செல்லப்பாண்டி அதற்குப் பிறகு உவமை எதுவும் சொல்லவில்லை.

கம்பம் பஸ்ஸில் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியை வலது கையால் பிடித்தபடியே வந்தார். சின்னமனூர் தாண்டியும் பிடியைத் தளர்த்தவில்லை. பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கையில ஒரு தையல் போட்டா என்ன? ஆள் இருந்தாப் போதாதா?"

"வண்டி?"

"வண்டியக் கட்டிக்கிட்டு அழுகுறதுக்கு என்னைய எதுக்குக் கட்டுனீக?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. ஸ்டியரிங் ஒடிக்கும் கையில் ஊசியும் தையலும் அதிர்வும் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் விஜய்பாண்டிக்குப் போய்விடும். அதற்கப்புறம் அவர் பயணி.

மதுரைக்குப் போக வேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இருந்தது. அன்றைக்குக் கோடு ஒழுங்காக இறங்கிவிட்டால் டாக்டர் மனம் மாறினாலும் மாறலாம். ஆகவே செல்லப்பாண்டி தயாராகப் போனார். டயாலிசிஸின் பிற்பாதியில் அவருக்குத் தலை வலிக்கும். தலை வலித்தால் உடம்பு துவளும். உடம்பு துவண்டால் கோடு எப்படி இறங்கும்? ஸ்டாண்டில் இருந்தபோது பெரிய டிரிப் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை. வாழ்க்கையிலேயே பெரிய டிரிப் இது. வேட்டி மடிப்பில் வழக்கமாக ஒன்று இருக்கும் சின்னப் பொட்டலத்தில் இரண்டாகவே எடுத்து வைத்துக்கொண்டார். அவசரத்துக்கு இன்னும் இரண்டு.

டீ வந்தது. வலது கையால் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். நல்லகண்ணு முகம் சுண்டிப்போய்க் கண்ணை மூடிக் கிடந்தார்.

"என்னண்ணே, மதகு அடைச்சிருச்சா?"

"தலை வெடிக்குதுப்பா. சத்தம் போடாத. அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சா டாக்டரக் கூப்புட்டு மெஷின் வேகத்தக் கொறைச்சுப்புடும். என் கோடு பின்னாடி போயிரும்."

எதிரிதான். ஆனாலும் மெட்டில் பஞ்சரான வண்டியைக் கண்டால் நிற்காமல் போகிறவன் டிரைவர் இல்லை. செல்லப்பாண்டி கையை எட்டி நீட்டினார். "இந்தாங்க. டீயோட போடுங்க. பஞ்சாப் பறந்துரும்."

இருவரும் ஆளுக்கு இரண்டு விழுங்கினார்கள். ஜன்னல் வழியே தேனி பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஹாரன் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. நல்லகண்ணுவின் தலைவலி மெல்ல விலகியது. நன்றி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே அவர் தன் திரையைப் பார்த்தார்.

"ஆத்தாடி! ஏ புள்ள ஜோதிகா! ஓடியா! எனக்கும் மேடு வந்துருச்சு!"

ஜோதிகா ஓடிவந்தாள். செல்லப்பாண்டியின் திரையில் மேடு, எப்போதும் வருவதைவிடப் பெரிதாக. நல்லகண்ணுவின் திரையில் அதே மேடு. இத்தனை நாள் வழுக்கிக்கொண்டு இறங்கிய கோடு அது.

"ஒட்டுவாரொட்டியா இருக்குமோ?" என்றார் நல்லகண்ணு. "இவரு பக்கத்துலயே படுக்கப் போட்டீகளே!"

ஜோதிகா இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்ன சாப்ட்டீக?"

"டீ," என்றார் செல்லப்பாண்டி.

"பன்னு," என்றார் நல்லகண்ணு.

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

"டீ, பன்னு இங்கன எல்லாருந்தான் சாப்புடுறாக. அப்புறம்?"

நல்லகண்ணுவால் தாங்க முடியவில்லை. "அப்புறம் டீயோட இவரு குடுத்தத முழுங்குனேன். நானாக் கேக்கல!"

மெத்தைமேல் கிடந்த காலி உறையை ஜோதிகா எடுத்துப் படித்தாள். "பெரியப்பா! டாக்டர் வேற மாத்திரை சாப்புடுறீகளான்னு கேட்டாகள்ல? இல்லைன்னு சொன்னீகளே!"

"மாத்திரையா?" செல்லப்பாண்டிக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது டீக்கடைச் சாமான் ஆத்தா."

டாக்டர் வந்தார். உறையைப் பார்த்தார், திரைகளைப் பார்த்தார். உதட்டோரத்தில் வந்த சிரிப்பை இருமிச் சமாளித்தார்.

"இந்த மாத்திரை கரைஞ்சு ரத்தத்துக்குப் போகுது. ரத்தத்துல இருந்து இந்தத் தண்ணிக்கு வருது. வந்து, கழிவு மாதிரியே இதுவும் அந்த லைட்டை முழுங்குது. மெஷினுக்குப் பேர் சொல்லத் தெரியாது செல்லப்பாண்டி. எது முழுங்கினாலும் கழிவுன்னுதான் கணக்கு எழுதும்."

"பனிக்கு நடுவுல ஏலக்கா ஸ்டோர் புகை," என்றார் செல்லப்பாண்டி. மெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் கட்டடங்களில் மூட்டம் போட்டால், பனி எது புகை எது என்று ஹெட்லைட்டுக்குத் தெரியாது. உவமை திரும்பி வந்துவிட்டதில் ஜோதிகாவுக்கு நிம்மதி.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை இப்போது. "எவ்வளவு காலமாப் போடுறீங்க?"

"கிளீனரா இருந்தப்ப இருந்து."

"தினமுமா?"

"ஏத்தத்துக்கு ஒண்ணு, எறக்கத்துக்கு ஒண்ணு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "உங்க கிட்னி போனதுக்கு அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பிரஷரும் இருந்திருக்கு. ஆனா இது அதுக்கு நல்லது பண்ணியிருக்காது."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை டிரைவர்களும் செல்லப்பாண்டியின் மனதில் வரிசையாக வந்து, சின்னக்கருப்பு கடையில் கையை நீட்டினார்கள்.

"அப்ப... கை?" என்று கேட்டார்.

"மதுரையைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைப்போம். செவ்வாய்க்கிழமை மாத்திரை இல்லாம வாங்க. கோடு பச்சையைத் தொட்டா ஸ்கேன் வேணாம். தொடலைன்னா போயாகணும்."

"முழு நேரமும் இருக்கணும்," என்று ஜோதிகா சேர்த்தாள். "கம்பம் பஸ்ஸு போயிரும்னு கால் மணி நேரம் முன்னாடியே அவுத்து விடச் சொல்லி என் உசுர வாங்கக் கூடாது. போன மாசம் ரத்தம் எல்லையில நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்."

செல்லப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த பஸ்ஸின் டிரைவர் அவருக்குச் சிநேகிதர். அவருக்கென்று முன்சீட்டு ஒன்று அதில் எப்போதும் காத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வாசலிலேயே பாண்டியம்மாள் அவர் வேட்டி மடிப்பைச் சோதித்தாள், எல்லைச் சோதனைச்சாவடியில் ஜீப்பைச் சோதிப்பதுபோல. ஊசிகள் ஏறின. கோடு உச்சியிலிருந்து புறப்பட்டது. டீ வந்தது, வெறும் டீயாகவே போனது.

தலைவலி சொல்லிவைத்தாற்போல வந்தது. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "ரொம்ப முடியலைன்னா சொல்லுங்க, டாக்டரக் கூப்புடுறேன்," என்றாள் ஜோதிகா. அவர் தலையாட்டினார். நல்லகண்ணு தன் பங்குக்கு ஆறுதலாக, அணை நிரம்பிய வருடம் மதகு திறந்த கதையை ஆரம்பித்தார். மாவட்டமே வந்து நின்றதாம். ஷட்டர் சிக்கிக்கொண்டதாம்.

"அண்ணே, தலைவலியே பரவாயில்ல. கொஞ்சம் சும்மா இருங்க."

வழக்கமாக மேடு வரும் இடம் வந்தது. ஜோதிகா கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு வந்து நின்றாள். கட்டிலின் கால்மாட்டில் பாண்டியம்மாள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். கோடு அந்த இடத்தை, அங்கே மேடு என்று ஒன்று இருந்ததே தெரியாததுபோல, வழுவழுவென்று கடந்தது.

"போயிருச்சு!" என்று கத்தினார் நல்லகண்ணு. ஜெயிப்பது தாமாக இருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

ஆனால் பச்சை இன்னும் கீழே இருந்தது. ஆரம்பத்தில் கிடுகிடுவென்று இறங்குகிற கோடு கடைசியில் சமவெளிக்கு வந்த ரோடு மாதிரி ஆகிவிடும். இறங்குகிறதா, நிற்கிறதா என்றே தெரியாது. நல்லகண்ணுவின் கோடு பச்சையைத் தொட்டுவிட்டது. அவரை மெஷினிலிருந்து விடுவித்தாகிவிட்டது. அவர் வீட்டுக்குப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெளியே கம்பம் பஸ் வந்து நின்றது. சிநேகிதர் ஹாரன் அடித்தார், ஒரு நீளம், இரண்டு குட்டை. செல்லப்பாண்டியைக் கூப்பிடும் ஹாரன் அது. அவர் கால் தன்னையறியாமல் போர்வைக்குள் கிளட்சைத் தேடியது.

"ஆத்தா..."

"பேசாதீக," என்றாள் ஜோதிகா.

மறுபடி ஹாரன். பச்சைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. பாண்டியம்மாள் ஜன்னலுக்குப் போய், "நீங்க போங்கண்ணே!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது, தூரமாகியது. செல்லப்பாண்டி வலது கையை மார்பின்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

கோடு பச்சையைத் தொட்டது. ஜோதிகாதான் முதலில் பார்த்தாள். சொல்லாமல் கொஞ்சம் காத்திருந்து, அது பச்சைக்குக் கீழே போனதும்தான் சொன்னாள். பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் இம்புட்டா?" என்று கணவனைத் திட்டினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "புதன்கிழமை மதுரை வேணாம். அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும், அதையும் பார்ப்போம். தலைவலி வந்தா என்கிட்டச் சொல்லுங்க. டீக்கடையில சொல்லாதீங்க."

நல்லகண்ணு நாற்காலியிலிருந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எப்படியோ, நான் எப்பவோ வந்து சேந்துட்டேன்ப்பா டிரைவரு. அதச் சொல்லித்தான் ஆகணும்."

"எறக்கத்துல முந்துறவன் டிரைவரே இல்லண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் மெட்டு அடிவாரத்தில் நின்றது. பாண்டியம்மாள் இறங்கவில்லை. செல்லப்பாண்டி இறங்கி, கடைக்கு முன்னால் நின்று, "கட்டன். அரைக் கிளாஸ்," என்றார். சின்னக்கருப்பு அடுப்பைப் பார்த்தபடியே ஒரு கையால் ஆற்றினார், மறுகையால் தலைக்கு மேலே தொங்கிய சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கிளாஸ் பக்கத்தில் வைத்தார். அந்தக் கைக்குக் கண்ணே தேவையில்லை.

செல்லப்பாண்டி அதை ஒரு விரலால் திரும்பத் தள்ளினார். "கட்டன் மட்டும் போதும்."

சின்னக்கருப்பு ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் இருந்த டிரைவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னண்ணே," என்றார் சின்னக்கருப்பு, குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு முடியலையா?"

"உக்காரு," என்றார் செல்லப்பாண்டி, பெஞ்சில் தனக்கும் இடம் செய்துகொண்டே. "எல்லாரும் கேளுங்க. மூடுபனிக்குள்ள ஹெட்லைட்டு போட்டா என்னாகும்னு சொல்லுங்க பாப்போம்."

ஜீப்புக்குள்ளிருந்து பாண்டியம்மாள் ஹாரனை அழுத்தினாள். அவர் வலது கையைத் தூக்கி, இரு வருகிறேன் என்று காட்டினார்.